ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள்: தலைவலி மூளையை அரிக்கிறதா?

கேள்வி: எனக்கு 42 வயது. எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடையில் வேலை. 15 வருஷமாக ஒற்றைத் தலைவலி. இப்போது மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வலிக்கிறது. தினமும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். சில சமயம் துணியின் பெயரே வாயில் வருவதில்லை. அம்மாவுக்கு மறதி நோய் இருந்தது. எனக்கும் வந்துவிடுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தீர்களோ! புள்ளிகளைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களின் ஸ்கேனில் இவை அடிக்கடி தென்படும். நெதர்லாந்தில் இப்படிப்பட்டவர்களுக்கு 9 ஆண்டுகள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்களுக்குப் புள்ளிகள் கூடியிருந்தது உண்மைதான். ஆனால் எத்தனை முறை வலி வந்தது என்பதோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. புள்ளிகள் அதிகம் இருந்தவர்களின் நினைவாற்றல் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சரியவும் இல்லை.

மறதி நோய் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சில சற்றுக் கூடுதல் வாய்ப்பைக் காட்டுகின்றன, சில காட்டவில்லை. ஒற்றைத் தலைவலிதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை எல்லாம் அதில் உண்டு. ஒற்றைத் தலைவலி இல்லை. கொதிப்பும் சர்க்கரையும் கூட வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கும். கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லையே.

வார்த்தை தடுமாறுவதற்கு வலி வரும் நேரமும் தூக்கக் கெடுதலும் போதும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தரும் டோபிராமேட் மாத்திரையும் இதைச் செய்யும். யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே சொல்லுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்தத் தினசரி மாத்திரைதான். சாதாரண பாரசிட்டமாலை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, எர்கோட்டமின் என்ற ஒற்றைத் தலைவலி மருந்து கலந்த மாத்திரையையோ பல மருந்து சேர்ந்த வலி மாத்திரையையோ மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். நிறுத்தியதும் சில நாள் வலி கூடும், பிறகு பெரும்பாலும் குறையும். இதை மருத்துவர் துணையோடுதான் செய்ய வேண்டும். வலி வராமல் தடுக்க ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ப்ரோப்ரனலால் ஆகாது.

இன்னொன்று. வலிக்கு முன் கண்ணில் மின்னல் மாதிரி வளைந்த கோடுகள் ஓடுமா? அந்த வகை ஒற்றைத் தலைவலிக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. இரட்டித்தாலும் உங்கள் வயதில் அது குறைந்த வாய்ப்புதான், ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையையும் புகையையும் தவிர்க்க வேண்டும்.

பாத்ரூம் வசதியில்லாத கடைகளில் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள், மதியச் சாப்பாடு மூன்றரைக்கு. இரண்டுமே தலைவலியைக் கிளப்பும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தியாகிவிட்டது. உட்காரக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

திடீரென்று இதுவரை காணாத அளவு வலி, வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி இன்றிலிருந்தே மாதக் காலண்டரில் வலித்த நாளுக்கு வட்டமும், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறியும் போட்டு வாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்கள் கடைக்குப் பக்கம்தான். அங்கே நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது அந்தக் காலண்டரையும், போட்டு முடித்த மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துப் போங்கள்.