மகனின் டபுள் பேஸுக்கு என்ன கம்பி போடுவது?

கேள்வி: எங்கள் ஊர் குளச்சல். பதினாறு வயது மகன் சர்ச் கொயருக்காக டபுள் பேஸ் (வயலின் இனத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய வாத்தியம்) பழகி ஆறு மாதம் ஆகிறது. வில்லால்தான் வாசிக்கிறான். பழையதாக வாங்கிய முக்கால் அளவு வாத்தியம். கம்பி துருப்பிடித்துவிட்டது, விரலும் வலிக்கிறது என்கிறான். ஒரு கடையில் நாலாயிரம் ரூபாய்க்கு ‘பேஸ் ஸ்ட்ரிங்’ இருக்கிறதாம். பழக்கிக்கொடுக்கும் சார், இருபத்தையாயிரம் கொடுத்தால் தானே வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

அந்த நாலாயிரம் ரூபாய் செட்டை முதலில் பார்ப்போம். நம் பக்கத்துக் கடைகளில் ‘பேஸ்’ என்று கேட்டால் எடுத்து வைப்பது பெரும்பாலும் பேஸ் கிட்டார் கம்பி. இரண்டுக்கும் சுருதி ஒன்றுதான்: ஈ, ஏ, டி, ஜி. அதைச் சொல்லியே தலையில் கட்டிவிடுவார்கள். பேஸ் கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் சுமார் 86 சென்டிமீட்டர். உங்கள் மகனுடைய வாத்தியத்தில் அது 105-ஐ ஒட்டி இருக்கும். மேலே முறுக்காணி வரை எட்டவே எட்டாது. ஒருவர் அடியில் வேறு கம்பியை முடிச்சுப் போட்டு நீட்டி என்னிடம் கொண்டுவந்தார். சுருதி கூட்டும்போது முடிச்சு அவிழ்ந்து, கம்பி அவர் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது. கண்ணுக்கு இரண்டு விரல் கீழே.

உங்களுக்கு வேண்டியது உருக்குக் கம்பி, முக்கால் அளவு, ‘மீடியம்’ இழுவிசை, ‘ஆர்கெஸ்ட்ரா’ சுருதி. டிஅடாரியோவின் ஹெலிகோர் ஆர்கெஸ்ட்ரல் போதும். விலை கையைக் கடிக்கிறது என்றால் அதே கம்பெனியின் பிரிலூட். வியன்னாவில் செய்யும் ஸ்பைரோகோர் பேர்போனது, வருடக்கணக்காக உழைக்கும். ஆனால் புதிதாக வில் பிடிப்பவனுக்கு அதன் ஈ கம்பி லேசில் வசப்படாது. விலங்குக் குடலில் திரித்த குடல் கம்பி பக்கமே போகாதீர்கள். கடலோர ஈரக்காற்றில் அதற்குச் சுருதி நிற்காது.

‘ஆர்கெஸ்ட்ரா’ என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘சோலோ’ என்று இன்னொரு வகை உண்டு. தனிக்கச்சேரிக்காக ஒரு முழு ஸ்வரம் கூட்டி, எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ என்று வைப்பது. பெட்டி அப்படியே ஒன்றுபோல இருக்கும், ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு சொல்தான் வித்தியாசம். நானே ஒரு முறை கண்ணாடி போடாமல் சோலோ செட்டை வாங்கிவிட்டேன். அதை ஈ, ஏ, டி, ஜிக்கு இறக்கினால் கொடிக்கயிறு மாதிரி தொளதொளவென்று ஆடும். அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க என் பேஸ் முனகிக்கொண்டே இருந்தது. சாதாரண செட்டைச் சோலோ சுருதிக்கு ஏற்றினால் அதைவிட மோசம், வாத்தியத்துக்கே ஆபத்து. ஆகவே ‘ஈ, ஏ, டி, ஜி’ என்று பெட்டியில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் காசு.

சார் நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் பில் உங்கள் பெயரில் வர வேண்டும், உறை பிரிக்காமல் கைக்கு வர வேண்டும். கழற்றிய கம்பியைத் துடைத்துப் புதிது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரை (பிரிட்ஜ்) மேல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மடிப்புத் தழும்பு இருக்கும், விரலை ஓட்டினாலே தெரியும். இந்த இடைத்தரகெல்லாம் எதனால் என்கிறீர்கள்? நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கீபோர்டு வாங்கக் கடை உண்டு, டபுள் பேஸ் கம்பி என்றால் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். சபைகளோ சவுண்ட் சிஸ்டத்துக்கு லட்சக்கணக்கில் கொட்டும், நாலு கம்பிக்கு மட்டும் கமிட்டியில் மூன்று மாதம் பேசும்!

சரி, விரல் வலி. அதற்குக் கம்பி மட்டும் காரணமாக இராது. விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு முடிகிற இடத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவே ஜி பக்கம் 6 மில்லிமீட்டர், ஈ பக்கம் 9 அல்லது 10 இருந்தால் நல்லது. 14, 15 என்று நின்றால் எந்தக் கம்பி போட்டாலும் பையன் அழுவான். நமக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் உண்டு. ஈரத்தில் குதிரை நிற்கிற மேல்பலகை உப்பி, கம்பியின் உயரம் கூடும். குதிரையை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் செலவு கம்பி விலையில் சிறு பங்குதான். அப்புறமும் வலித்தால் அடுத்த முறை ‘லைட்’ வாங்கலாம்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான். நாலையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை விழும், உள்ளே சவுண்ட் போஸ்ட்டும் சாயும். அது ஒட்டி வைத்ததல்ல, அழுத்தத்தில் நிற்கிற குச்சி. நாலு கம்பியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஒவ்வொன்றையும் முறுக்கும்போது குதிரையின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள், சாய்ந்தால் கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டு இரு கையாலும் நிமிர்த்த வேண்டும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், உப்புக்காற்றுக்கு வேறு மருந்து இல்லை. கழற்றியதில் துரு குறைந்த கம்பிகளைச் சுருட்டி உறைக்குள் வையுங்கள். கேரல் ரவுண்ட்ஸுக்கு முந்தின ராத்திரி ஒன்று அறுந்தால் புதுசு எங்கிருந்து வரும்?