துக்கமா, நோயா? யாரிடம் போவது?

மனநல ஆலோசனை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் நிபுணர் குழுவின் பதில்கள்.

அம்மா தவறி நாலு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு 67 வயது. விடியற்காலை 3 மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடும் பாதியாகிவிட்டது. ‘துக்கம்தானே, நாளாவட்டத்தில் ஆறிவிடும்’ என்கிறார் சித்தப்பா. கவுன்சலிங்குக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

சித்தப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெரும்பாலான துக்கம் தானாகவே ஆறும். துக்கம் அலை அலையாக வந்து போகும். அம்மாவின் புடவையைப் பார்த்ததும் கண் கலங்கும். சற்று நேரத்தில் பேரன் மடியில் ஏறினால் முகம் மலரும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளியே இருக்காது. பேரன் வந்தாலும் முகம் மாறாது. விடியுமுன் விழிப்பு, காலையில் அதிகமாக அழுத்தும் பாரம், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைப்பு, ‘உங்களுக்கெல்லாம் நான் பாரம்’ என்ற பேச்சு... இவை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

முதலில் பொது மருத்துவரிடம் காட்டித் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வு வரும். அடுத்து மனநல மருத்துவர். தூக்கமும் பசியும் இவ்வளவு கெட்ட பிறகு ஆலோசனை மட்டும் போதாமல், மாத்திரையும் வேண்டியிருக்கலாம். அது வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். ஐந்தாம் நாளே ‘மருந்து கேட்கலை’ என்று நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘வாழவே வேண்டாம்னு தோணுதாப்பா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உள்ளுக்குள் புழுங்குகிறவருக்கு அந்தக் கேள்வியே ஆறுதல். ‘ஆமாம்’ என்றால், பூச்சிமருந்தும் மாத்திரைகளும் வீட்டில் இருக்கக் கூடாது. அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர்: மூன்று பேருக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், நாகர்கோவில்

சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். சோதனைகளும் சிகிச்சைப் பயிற்சியும் அவர் வேலை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். கவுன்சலர் என்ற போர்டை மட்டும் சில வாரச் சான்றிதழோடு மாட்டியிருப்பவர்களும் உண்டு. என்ன படித்தார், எத்தனை வருடம், எங்கே என்று விசாரியுங்கள்.

தேர்வு பயம், தம்பதிச் சண்டை போன்றவற்றுக்கு முறையாகப் படித்த கவுன்சலர் போதும். காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், பல நாள் தூங்காமலேயே துள்ளலும் தாறுமாறான செலவும் என்றால் நேராகச் சைக்கியாட்ரிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

என் மனைவி ராத்திரியில் கேஸ் ரெகுலேட்டரை 10, 15 தடவை எழுந்து போய்ப் பார்க்கிறாள். ‘மூடிட்டேனாங்க?’ என்று என்னையும் கேட்பாள். ‘மூடிட்டேம்மா’ என்று சொல்லி அலுத்துவிட்டேன். பேசினால் தீருமா?
– வாசகர், திருப்பூர்

இது ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். பேசி மட்டும் தீராது, பயிற்சியால் தீரும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போனால் சிகிச்சை கட்டாயம் வேண்டும். பயம் ஏறுகிறது, போய்ப் பார்க்கிறார், சட்டென்று இறங்குகிறது. ‘பார்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. உங்கள் ‘மூடிட்டேம்மா’வும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இதற்கான சிகிச்சைக்கு இ.ஆர்.பி. என்று பெயர். பயத்தை எதிர்கொள்ள வேண்டும், சரிபார்க்கவும் கூடாது. சிகிச்சையாளர் முதலில் பயங்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஏணியாக எழுதச் சொல்வார். ஃபேன் சுவிட்சைத் திரும்பப் பார்க்காமல் வெளியே வருவது 30. ரெகுலேட்டரை ஒரே தடவை மூடிவிட்டுப் படுக்கப் போவது 60. அதே மாதிரி மூடிவிட்டு வெளியூரில் ஒரு ராத்திரி தங்குவது 95. தொடக்கம் 30-இல்தான். சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, 5 நிமிடத்துக்கு ஒரு முறை பயத்தின் மதிப்பெண்ணைக் குறிக்க வேண்டும். ஏறும், சற்று நிற்கும், பார்க்காமலேயே தானாக இறங்கும். தினமும் அதையே திரும்பச் செய்து, பயம் பாதிக்குமேல் குறைந்த பிறகே அடுத்த படி.

எங்கே கெடுகிறது என்றால், அவசரப்பட்டு 95-இல் ஆரம்பிப்பதில். அல்லது எழுந்து போகாமல், மூடிய காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதில். போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதில். இவையும் சரிபார்ப்புதான்.

நீங்கள் பதில் சொல்வதைத் திடீரென நிறுத்தாதீர்கள், பாவம், தவித்துப் போவார். சிகிச்சையாளர் முன்னிலையில் இருவரும் பேசி முடிவு செய்துகொண்டு, ‘இதுக்குப் பதில் சொல்றதில்லைன்னு பேசி வெச்சிருக்கோமே, பயம் இப்ப எத்தனையில இருக்கு?’ என்று கேளுங்கள். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் ஆகும். மருந்தும் சேர்த்தால், இந்த நோய்க்கு அது முழுதாகப் பலன் தர 8 முதல் 12 வாரம் பிடிக்கும்.

கவுன்சலரிடம் ஆறு தடவை போய்விட்டேன். அழுதுவிட்டு வருகிறேன், அவ்வளவுதான். விட்டுவிடலாமா?
– வாசகி, சேலம்

விடுவதற்கு முன் அவரிடமே சொல்லுங்கள்: ‘எனக்கு மாற்றம் தெரியவில்லை. நம் இலக்கு என்ன?’ நல்ல சிகிச்சையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். ‘வாரம் மூன்று நாள் வேலைக்குப் போவது’ போல, எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்கு வேண்டும். மனச்சோர்வு என்றால் பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவம் உண்டு. மொத்தம் 27 மதிப்பெண், கூடக் கூடச் சோர்வும் அதிகம். முதல் வாரம் 18 இருந்து, ஆறாவது வாரமும் 18 என்றால் முறையை மாற்ற வேண்டும், இல்லை ஆளை மாற்ற வேண்டும். வீட்டுப் பயிற்சி கொடுத்தும் நீங்கள் செய்யவில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏன் முடியவில்லை என்பதே அடுத்த அமர்வுக்கான விஷயம். ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாகிடும்’ என்கிறவரிடமிருந்தும், இன்னொருவர் கதையை உங்களிடம் சொல்கிறவரிடமிருந்தும் உடனே விலகுங்கள்.

வரன் பார்க்கிறார்கள். நான் ஆலோசனைக்குப் போவது வெளியே தெரிந்துவிடுமா? வயது 26.
– வாசகி, மதுரை

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆவது பிரிவு உங்கள் ரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்கள் விதிவிலக்கு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். மற்றபடி, உங்கள் அம்மாவே போன் செய்து ‘என் பொண்ணு என்ன சொன்னா?’ என்று கேட்டாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் ஆலோசகர் பதில் சொல்லக் கூடாது. முதல் அமர்விலேயே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.