வேலை போனதும் பிஎஃப் பணத்தை மொத்தமாக எடுக்கலாமா?

கேள்வி: எண்ணூர் பக்கம் ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் பிரிவில் 11 வருடம் காண்ட்ராக்ட் வேலை பார்த்தேன். மூன்று காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். போன மாதம் நிறுத்திவிட்டார்கள். நகை அடகில் இருக்கிறது. 10 சதவீத கமிஷனுக்கு மொத்த பிஎஃப்பையும் எடுத்துத் தருவதாக பிரௌசிங் சென்டர்காரர் சொல்கிறார். சரி என்று சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கமிஷன் போனால் போகிறது, அவர் செய்யப்போகும் காரியம்தான் வம்பு. உங்கள் பிஎஃப்பில் இரண்டு உண்டியல் உண்டு, சேமிப்பு ஒன்று, பென்ஷன் ஒன்று. பத்து வருடம் தாண்டினால் பென்ஷன் உண்டியலை உடைக்க முடியாது, 58 வயதில் மாதாமாதம் வரும் (15,000 ரூபாய் சம்பளக் கணக்கில் 11 வருடத்துக்கு ஏறக்குறைய 2,350 ரூபாய்). ஆனால் மூன்று காண்ட்ராக்டருக்கும் மூன்று கணக்கு எண் தனித்தனியாகக் கிடந்தால், ஒவ்வொன்றிலும் நாலு வருடம், மூன்று வருடம் என்று காட்டி பென்ஷன் பணத்தை எடுக்கும் 10சி படிவம் போட்டு அதையும் உருவிவிடுவார்கள். கையில் வருவது சொற்பம், பென்ஷன் காலி!

முதலில் உங்கள் யுஏஎன் எண்ணில் (எல்லா பிஎஃப் கணக்குக்கும் பொதுவான எண்) நுழைந்து பழைய கணக்குகளைக் கடைசிக் கணக்கோடு சேருங்கள். சேர்த்தால் ஐந்து வருடம் தாண்டிவிடும், வரியும் பிடிக்க மாட்டார்கள். உங்களோடு வெளியே வந்த, ஐந்து வருடம் ஆகாத பையன்களுக்கு ஒன்று: பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள் என்பது உண்மை, ஆனால் தானாக வேலையை விடாமல், நிறுவனம் தொழிலை நிறுத்தியதாலோ தன் கையை மீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால் அந்தப் பணத்துக்கு வரியே கிடையாது. அதற்கு அத்தாட்சி வேண்டும், நிறுத்திய கடிதத்தை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையில் "நாளையிலிருந்து வராதே" என்பதுதான் இங்கே வழக்கம், என்ன செய்ய.

நகைக்கு வருவோம். வங்கியில் இருந்தால் வட்டியைக் கட்டித் தள்ளி வையுங்கள். அடகுக்கடை என்றால் சேமிப்பில் 75 சதவீதம் வரை எடுக்கலாம், மீட்கத் தேவையானதை மட்டும் எடுங்கள். காண்ட்ராக்டர் வேலை முடிந்த தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், அவர் கடைசியாக பிஎஃப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே பதியலாம். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஒரு தொழிலாளி ஏன் நாலு பேர் வாசலில் நிற்க வேண்டும்? அப்புறம், அந்தக் கடைக்காரர் ஓடிபி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.