வாசகர் கேள்விகள்: பிரதமரின் குரலும் செவ்வாய்க் கிரகவாசிகளும்

வாசகர், திருச்சிராப்பள்ளி: அரசியல் தலைவர்களின் குரலில் பேசி நையாண்டி செய்வதும், அறிவியல் புனைகதைகளைப் பகடி செய்வதும் பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவையில் பெரும்பாலும் ஒரே கலைஞர்களின் கையில் இருந்தன என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இரண்டுமே காதை மட்டும் நம்பி நடப்பவை. மேடையில் ஒரு பலகுரல் கலைஞர் தலைவர் ஒருவரைப் போலப் பேசும்போது, பேசுவது அந்தத் தலைவர் அல்லர் என்பதை நம் கண் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வானொலியில் அப்படி மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. விண்கலமும் அவ்வாறே, திரைப்படத்தில் அதைக் காட்டப் பெருந்தொகை வேண்டும், வானொலியில் ஓர் உறுமலும் ஒரு கதவுச் சத்தமும் போதும். பிரதமரின் அறையும் செவ்வாய்க் கிரகமும் ஒரே செலவில் கிடைக்கும் ஊடகத்தில், எழுதுபவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியதில் வியப்பில்லை.

இரண்டும் சந்தித்த மிகப் பிரபலமான தருணம் நகைச்சுவையே அல்ல என்பதுதான் வேடிக்கை. 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நடத்திய செவ்வாய்ப் படையெடுப்பு நாடகத்தைப் பலரும் அறிவார்கள். நாடே பீதியில் ஓடியது என்பது பெருமளவுக்குப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கிய கதை, அதை விட்டுவிடுவோம். அந்த நாடகத்தில் உள்துறைச் செயலர் ஒருவர் மக்களுக்கு உரையாற்றுகிறார். பதவிப் பெயர்தான் உள்துறைச் செயலர். குரலோ அச்சு அசலாக அதிபர் ரூஸ்வெல்ட்டின் குரல். அதிபரின் குரலைப் பாவனை செய்வதை வெள்ளை மாளிகை விரும்பாத காலம் அது. ஆகவே பெயரை மாற்றிவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதைப் பேசிய கென்னி டெல்மார் சில ஆண்டுகளுக்குப் பின் ஃபிரெட் ஆலனின் நகைச்சுவை நிகழ்ச்சியில், தென்மாநிலப் பெருமையைத் தவிர வேறொன்றும் பேசாத செனட்டர் கிளாக்ஹார்னாக வந்து நாட்டையே சிரிக்க வைத்தார்.

வாசகி, கும்பகோணம்: தலைவர்களின் குரலைப் பாவனை செய்ய பி.பி.சி. தடை விதித்திருந்தது உண்மையா?

பதில்: உண்மை. 1940களின் இறுதியில் பி.பி.சி. தன் கேளிக்கை நிகழ்ச்சிகளின் எழுத்தாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் 'பச்சைப் புத்தகம்' என்று பின்னாளில் பெயர்பெற்ற கையேடு ஒன்றைக் கொடுத்திருந்தது. கழிப்பறை பற்றிய நகைச்சுவை கூடாது என்பது போன்ற விதிகளோடு, மூத்த அரசியல் தலைவர்களின் குரலைப் பாவனை செய்யக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. அதற்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லப்பட்டவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

இந்த விதியைச் சோதித்துப் பார்க்கவே பிறந்தவர்களைப் போல வந்தவர்கள் 'கூன் ஷோ'க்காரர்கள். 1951 முதல் 1960 வரை பி.பி.சி.யில் ஒலிபரப்பான அந்த வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியின் முதன்மை எழுத்தாளர் ஸ்பைக் மில்லிகன். அவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ராணுவ வீரர் ஒருவரின் மகனாக 1918இல் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் பிறந்தார். உடன் இருந்தவர்கள் ஹாரி சீகூம், பீட்டர் செல்லர்ஸ். செல்லர்ஸுக்குச் சர்ச்சிலின் குரல் கைவந்த கலை. சர்ச்சில் பிரதமராக இருந்த அந்த ஆண்டுகளில், பெயர் சொல்லாமலேயே அக்குரலை நிகழ்ச்சிக்குள் நுழைத்துவிடுவார். நிர்வாகம் முகம் சுளிக்கும்.

ஆனால் விதியைத் தயாரித்தவர்கள் கவனிக்காத ஒரு வாசல் திறந்தே இருந்தது. ஒரு மனிதரின் குரலைத் தடுக்கலாம், வருங்காலத்தை எப்படித் தடுப்பது? 1954 டிசம்பர் 12 அன்று ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை பி.பி.சி. தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பியது. கொடூரம் மிகுந்த நாடகம் என்று எதிர்ப்பு கிளம்பி, நாடாளுமன்றத்தில் தீர்மானங்கள் கொண்டுவரும் அளவுக்குப் போயிற்று. மூன்றே வாரங்களுக்குப் பின், 1955 ஜனவரி 4 அன்று, 'கூன் ஷோ' அதற்குப் பதிலாக '1985' என்ற பகடியை ஒலிபரப்பியது. அதில் மக்களை அடக்கி ஆள்வது சர்வாதிகாரக் கட்சி அல்ல, 'பிக் பிரதர் கார்ப்பரேஷன்'. அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தால் என்ன வரும் என்பதை எந்த நேயருக்கும் விளக்கத் தேவை இருக்கவில்லை. கைதியை வதைக்கும் அறையில் அவன் காதில் விழுவதோ பி.பி.சி.யின் சொந்த நிகழ்ச்சிகள். சர்ச்சிலைப் போலத் தொண்டையைச் செருமுவதற்குத் தடை விதித்த நிறுவனம், தன்னையே கொடுங்கோலனாகச் சித்திரித்த அரை மணி நேரத்தைத் தானே ஒலிபரப்பியதோடு நிற்காமல், அடுத்த மாதமே அதை மீண்டும் நடிக்கவும் வைத்தது. எதிர்காலக் கதை என்ற போர்வை எவ்வளவு தடிமனானது என்பதை எனக்குக் காட்டியது இந்த நிகழ்ச்சிதான்.

வாசகர், ஈரோடு: அப்படியானால் அந்தப் பகடிகளில் அறிவியல் வெறும் சாக்குத்தானா?

பதில்: முழுச் சாக்கு என்று சொல்ல மாட்டேன், ஒலி அளவில் அவர்கள் அறிவியல் புனைகதையைப் பயபக்தியோடுதான் அணுகினார்கள். 1958 டிசம்பரிலிருந்து 1959 ஜனவரி 26 வரை 'குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்' என்ற தொடர் தொலைக்காட்சியில் வந்தது. லண்டனில் மண் தோண்டும்போது அகப்படும் பழங்கலம் ஒன்று செவ்வாயிலிருந்து வந்தது என்று விஞ்ஞானி சொல்ல, அது போர்க்காலக் குண்டு என்று ராணுவ அதிகாரி கடைசிவரை சாதிக்கும் கதை. தொடர் முடிந்து ஒரு வாரத்தில், பிப்ரவரி 2 அன்று, 'தி ஸ்கார்லெட் கேப்ஸ்யூல்' என்ற பெயரில் கூன்கள் அதைப் பகடி செய்தார்கள்.

தொடரின் அச்சமூட்டும் ஒலிகளை உருவாக்கியது, 1958இல் பி.பி.சி. தொடங்கியிருந்த ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப் என்ற ஒலிக்கூடம். அதே கூடத்தின் தொடக்கக்கால வேலைகளுள் ஒன்று, 'கூன் ஷோ'வின் மேஜர் பிளட்னாக் என்ற பாத்திரத்தின் வயிற்று இரைச்சலைத் தயாரித்துத் தந்தது! அதில் கை வைத்த டிக் மில்ஸ் பின்னர் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடருக்குப் பல ஆண்டுகள் விசித்திர ஒலிகளை உருவாக்கினார்.

வாசகர், கோயம்புத்தூர்: டக்ளஸ் ஆடம்ஸ் அரசியல் நையாண்டி எழுதியவரா?

பதில்: எழுத முயன்றவர். 1970 முதல் 1998 வரை பி.பி.சி.யின் ரேடியோ 4இல் வந்த 'வீக் எண்டிங்' என்ற வாராந்தர அரசியல் நையாண்டி நிகழ்ச்சிக்கு எழுதினார். அந்த வாரச் செய்தியை அந்த வாரத்துக்குள் நகைச்சுவையாக்கித் தரும் அவசர வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1978 மார்ச் 8 அன்று தொடங்கிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' என்ற அவருடைய விண்வெளி நகைச்சுவை வானொலித் தொடரிலோ அரசியல் தாராளமாக இருக்கிறது. பால்வீதியின் அதிபராக அதில் வரும் பாத்திரத்தின் வேலை அதிகாரம் செலுத்துவது அல்ல, உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறது என்று யாரும் கவனிக்காமல் பார்த்துக்கொள்வது. எந்த அரசியல்வாதியின் குரலும் அதில் இல்லை, ஆனால் எந்த நாட்டு நேயருக்கும் யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

வாசகி, புதுச்சேரி: பிற்காலத்தில் இவ்விரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் உண்டா?

பதில்: ரேடியோ 4இல் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'டெட் ரிங்கர்ஸ்' அதற்கென்றே அமைந்தது போன்ற நிகழ்ச்சி. அதன் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவரான ஜான் கல்ஷா, 1998இலேயே எதிர்க்கட்சித் தலைவர் வில்லியம் ஹேக்கின் குரலில் ஒரு தனியார் வானொலியிலிருந்து பிரதமர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, டோனி பிளேரின் இணைப்பையே பெற்றுவிட்டவர். பிளேர் விரைவில் கண்டுகொண்டார் என்றாலும், நாட்டின் மிகக் கவனமான தொலைபேசி இயக்குநர்களை ஒரு குரல் கடந்துவிட்டது.

'டெட் ரிங்கர்ஸ்'ஸில் பிளேரும் புஷ்ஷும் வந்துபோன அதே அரை மணி நேரத்தில், கல்ஷா 1974 முதல் 1981 வரை டாக்டர் ஹூவாக நடித்த டாம் பேக்கரின் கனத்த குரலில், ஒன்றுமறியாத ஆட்களுக்குத் தொலைபேசியில் பேசுவார். அண்டத்தைக் காக்கும் தொனியில் அற்ப விஷயங்களைக் கேட்பதுதான் அதன் சுவை. ஒருமுறை டாம் பேக்கரையே அழைத்து, நான்தான் டாக்டர் என்று அவருடைய குரலிலேயே சொன்னார்; ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது, டாக்டர் நான்தான் என்று அசல் மனிதர் சற்றும் அசராமல் பதில் சொன்னார்.

அரசியல்வாதியின் குரலைப் பாவனை செய்பவர் அந்த மனிதரின் பாசாங்கை உடைக்க முயல்கிறார். கற்பனை நாயகனின் குரலைப் பாவனை செய்பவரிடம் உடைக்கும் எண்ணம் இல்லை. அங்கே பெரும்பாலும் பிரியம்தான். கல்ஷாவின் பிளேரையும் டாக்டரையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வேறுபாடு காதிலேயே தெரியும். அந்தப் பிரியம் வீண்போகவில்லை: 'டாக்டர் ஹூ'வின் ஒலிநாடகங்களில், மறைந்த நடிகர் நிக்கலஸ் கோர்ட்னியின் பிரிகேடியர் பாத்திரத்தை இப்போது பேசுபவர்களுள் கல்ஷாவும் ஒருவர். கேலிக்காகப் பழகிய தொண்டை அந்தக் கதைக்குள்ளேயே வேலை பெற்றுவிட்டது.

வாசகர், சேலம்: செயற்கை நுண்ணறிவு எந்தத் தலைவரின் குரலையும் நகலெடுக்கும் காலத்தில் பலகுரல் கலைஞருக்கு இடம் உண்டா?

பதில்: உண்டு. நகல் வேறு, பாவனை வேறு. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு அதிபர் பைடனின் குரலில் பொய்யான தொலைபேசி அழைப்புகள் போயின; அடுத்த மாதமே, செயற்கைக் குரலில் வரும் தானியங்கி அழைப்புகள் சட்டவிரோதம் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அறிவித்தது. அந்தக் குரலின் நோக்கம் அகப்படாமல் இருப்பது. நகைச்சுவைக் கலைஞரோ நேயர் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்றுதான் பேசுகிறார். ஒரு மூச்சை நீட்டி, ஒரு சொல்லை அளவுக்கு மீறி அழுத்தி, இது போலி என்பதைப் போலிக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்.

வாசகர், நாகர்கோவில்: இவற்றுள் எதை முதலில் கேட்பது?

பதில்: '1985'. பழைய பி.பி.சி. நிகழ்ச்சிகளின் பெயர்கள் சில புரியாமல் போகும், பாதகமில்லை. வதை அறைக் காட்சி எப்படியும் புரியும். ஆர்வெலின் நாவலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.