வள்ளலாரைப் பாடமாகப் படித்தபோது

"கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரைப் பாடமாகப் படித்திருக்கிறீர்களா? அது உங்களை எப்படிப் பாதித்தது?" என்பது கேள்வி. நான் முதுகலைத் தமிழ் மாணவி. எனக்கு அந்தக் கவிஞர் வள்ளலார். ஞானி, சீர்திருத்தவாதி என்றெல்லாம் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். கவிஞராக அவரைப் படிப்பதுதான் குறைவு. அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

'ஒருமையுடன் நினதுதிரு மலரடி நினைக்கின்ற' செய்யுளை நம்மில் பலர் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்போம். சென்னைக் கந்தகோட்டத்து முருகன்மேல் அவர் இளமையில் பாடிய தெய்வமணிமாலையில் வருவது அது. முதுகலையில் கேள்விகள் பெரிதாகிவிடும். சமரச சன்மார்க்கம் என்ற அவருடைய பொதுநெறியை விளக்குக, உயிரிரக்கமாகிய சீவகாருண்யத்தை விளக்குக, அவர் நிறுவிய தருமசாலையின் நோக்கம் யாது என்று வரும். எந்தக் கேள்வியாக இருந்தாலும் 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்ற மேற்கோளைச் சேர்த்துவிடுவோம். சுவரொட்டியிலும் மேடையிலும் அந்த ஒரு வரிதான்.

அந்த வரி எந்தப் பாட்டில், எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்கத்தான் அவருடைய பாடல் தொகுப்பான திருவருட்பாவின் ஆறாம் திருமுறையைத் திறந்தேன். 'பிள்ளைப் பெருவிண்ணப்பம்' என்ற பகுதி. நூற்றுக்கும் மேற்பட்ட எழுசீர் விருத்தங்கள். ஒரு மகன் தன் தந்தையிடம் பேசுவதுபோல இறைவனிடம் பேசுகிறார். என்ன பேசுகிறார் தெரியுமா? தன்னுடைய பயங்களைச் சொல்கிறார்.

'காக்கைகள் கூவக் கலங்கினேன்' என்கிறார். பருந்தின் குரலுக்கு உள்ளம் குலைந்தது, ஆந்தை அலறினால் பயம். ஒருவர் இன்னொருவரிடம் உரக்கப் பேசினால் நடுக்கம். 'கரத்தினால் உரத்துக் கதவுதட் டியபோது ஐயவோ கலங்கினேன்' என்று ஓரிடம். அதே பாட்டில், ஊருக்குள் யாரோ 'அம்மா, அப்பா, ஐயோ' என்று அலறிய குரல் தன்னைக் கலக்கிய கலக்கத்தையும் சொல்லி, 'தந்தைநீ அறிந்தது தானே' என்று முடிக்கிறார்.

இதைப் படித்த அன்று என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை. யாராவது கதவை ஓங்கித் தட்டினால் எனக்கும் நெஞ்சு படபடக்கும். அதை ஒரு பலவீனம் என்றே வீட்டிலும் விடுதியிலும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். இங்கே ஒருவர் அதை மறைக்காமல், யாப்புப் பிசகாமல், கடவுளுக்கு முன்னால் வைக்கிறார். சன்மார்க்கம் பற்றிய எந்தக் கட்டுரையும் எனக்குத் தராத நெருக்கத்தை அந்தக் கதவு தட்டல் தந்தது.

வாடிய பயிர் வரியும் இந்த விண்ணப்பத்துக்குள்தான் இருக்கிறது. அதையடுத்து, வீடு வீடாக இரந்தும் பசி தீராமல் அயர்ந்தவர்களைக் கண்டு 'உளம் பதைத்தேன்', நீண்ட நோயில் கிடப்பவர்களைக் கண்டு 'உளந் துடித்தேன்', ஏழைகளாய் நெஞ்சு இளைத்தவர்களைக் கண்டு 'இளைத்தேன்' என்று வரிசையாக வருகிறது. தனியாக எடுத்துப் படித்தால் அது ஒரு கொள்கை அறிக்கைபோல ஒலிக்கும். காக்கைக்கும் கதவுக்கும் கலங்கியதைச் சொல்லும் பாட்டுகளோடு சேர்த்துப் படித்தால், அடுத்தவர் வலியைத் தாங்க முடியாத ஓர் உடம்பு பேசுவது கேட்கும். கலங்கினேன், பதைத்தேன், துடித்தேன் எல்லாமே உடம்பில் நடப்பவை. என்னைப் பொறுத்தவரை அவருடைய கருணை தத்துவத்தில் தொடங்கவில்லை. அந்த நடுக்கத்தில் தொடங்குகிறது. பசித்தவர்களுக்குச் சோறிட 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு வடலூரில் இன்னும் எரிகிறது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். பசித்தவரைப் பார்த்துப் பதைத்த அந்த மனம் இல்லாமல் அந்த அடுப்பு ஏது?

இன்னொன்று. அதே 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்த திருவருட்பாவில் இருந்தவை முதல் நான்கு திருமுறைகள்தான். ஆறாம் திருமுறை அச்சில் வந்தது 1885இல். 1874 சனவரியில் மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் சென்று மறைந்து 11 ஆண்டுகள் கழித்து! 'இராமலிங்கசாமி' என்று தன்னை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அப்படி வழங்க வேண்டாம் என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதியவர் அவர். பட்டத்தை வேண்டாம் என்றவரைப் பட்டங்களோடு மட்டுமே பாடத்தில் சந்திக்கிறோமே என்பது என் வருத்தம்.

எல்லாவற்றிலும் நான் அவரோடு ஒத்துப்போகிறேனா என்றால், இல்லை. மரணமிலாப் பெருவாழ்வு பற்றிய பாடல்களுக்குள் என்னால் முழுதாக நுழைய முடியவில்லை. 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலை மௌனமாகப் படித்தபோது களைத்துப்போனேன். வாய்விட்டுச் சொன்னபோதுதான் அதன் ஓட்டம் பிடிபட்டது. அவர் பாடல்களை 'அருட்பா' என்று சொல்லலாமா என்று நடந்த அருட்பா மருட்பா சண்டையும் பாடத்தில் வரும். அதற்குச் செலவிட்ட நேரத்தைப் பாடல்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், அவருடைய மொழி. அவரைவிட எட்டு வயது மூத்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தலபுராணங்களும், யமகம், திரிபு போன்ற சொல் விளையாட்டுச் செய்யுள்களும் புலமைக்கு அளவுகோலாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் 'கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்வகை கிடைத்த குளிர்தருவே' என்று ஒருவர் பாடியிருக்கிறார். இதைக் கேட்டதும் புரிந்துகொள்ள எனக்கு உரையே வேண்டியிருக்கவில்லை.

பாடத்தில் வள்ளலார் இருந்தால், வினாவிடைத் தொகுப்புக்கு முன்னால் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தை எடுங்கள். புரியாத இடங்களுக்கு ஔவை துரைசாமிப் பிள்ளை உரை இருக்கிறது. முதல் வாசிப்பில் உரையைத் திறக்காமல், ஒரே இருப்பில், சத்தமாகப் படித்துப் பாருங்கள்.