ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன், முதல் பைக்காக 650 சிசி க்ரூஸர் வாங்கலாமா?

உங்களுக்கு வயது 23, ஐந்தடி ஐந்து அங்குலம், கல்லூரி நாளிலிருந்து ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டியிருக்கிறீர்கள், இப்போது வேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "சீட் தாழ்வாக இருக்கிறது, இரண்டு காலும் தரையில் முழுசாகப் படுகிறது, அப்புறம் என்ன பயம்?" அந்த வரியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் நான் என் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன்.

இப்போது வேண்டாம். ஒரு வருடம் கழித்து வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குக் காரைக்குடி. ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வயதிலிருந்து ஸ்பிளெண்டர்தான். புதுவயல், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று சரக்கு கட்டிக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டியவன், அதனால் ஓட்டத் தெரிந்தவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். 27 வயதில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் க்ரூஸர், அதாவது சீட் தாழ்வாக, காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற கனமான ரக பைக் ஒன்றை எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும். வண்டி நல்ல வண்டி. இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

திருச்சியில் டெலிவரி எடுத்து, புதுக்கோட்டை, திருமயம் வழியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒன்றரை மணி நேரம் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. திருமயம் கோட்டையைத் தாண்டியதும் சாலை நேராகக் கிடக்கிறது. கியரை மாற்றாமலே வண்டி இழுக்கிறது. லாரி பக்கத்தில் போனாலும் காற்றில் ஆடவில்லை. என் பழைய ஸ்பிளெண்டருக்கு எட்டு குதிரைத்திறன், இந்த ரக வண்டிகளுக்கு நாற்பத்தேழு, அதற்கு மேலும் வரும். அந்தப் பலத்தை நினைத்துத்தான் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். நானும் ஆக்சிலேட்டரை முட்டையைப் பிடிப்பது மாதிரி பிடித்து வந்து சேர்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பயப்பட வேண்டியது பலத்துக்கு இல்லை, எடைக்கு என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

ஸ்பிளெண்டர் 112 கிலோ. கவாசாகி வல்கன் எஸ் 235, ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 241. நான் எடுத்ததும் இந்தக் கணக்குதான். இரண்டு ஸ்பிளெண்டரைச் சேர்த்துக் கட்டியது போல. ஓடும்போது இந்த எடை தெரியாது, ஓடும் சக்கரமே வண்டியைத் தூக்கி நிறுத்திக்கொள்ளும். நடக்கிற வேகத்துக்கு வந்ததும் அத்தனையும் உங்கள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் வந்துவிடும்.

எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தால் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடுவது வழக்கம். மறுநாள் காலை அம்மாவையும் மாமாவையும் ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டு நான் வண்டியில் போனேன். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது அம்மா, "ரோடு வரைக்கும் நானும் உக்காந்து வாறேன்யா" என்றது. அதன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு எப்படி வேண்டாம் என்று சொல்வது? எப்போதும் போல ஒரு பக்கமாகக் கால் போட்டு, இடது பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டது.

வண்டியைத் திருப்ப வேண்டும். அந்த இடம் லேசான சரிவு, மேலே சரளைக் கல். க்ரூஸருக்கு முன் சக்கரம் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்பிளெண்டர் திரும்புகிற இடத்தில் அது திரும்பாது. அதனால் ஹாண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தேன். ஒரு சின்னப் பையன் குறுக்கே ஓடினான். வலது கை தானாக முன் பிரேக்கைப் பிடித்துவிட்டது. ஸ்பிளெண்டரில் ஒன்பது வருடமாக அப்படித்தான் பிடித்திருக்கிறேன்.

ஹாண்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே அந்தப் பக்கம் சரியும். நான் இடது காலை ஊன்றினேன். உங்கள் வரியில் இருக்கிறதே, முழுப் பாதமும் தரையில் பட்டது. சரளையில் பாதம் வழுக்கியது. ஒரு சாய்வு வரைக்கும் தாங்கலாம், அதற்கு மேல் ஒரு விரற்கடை போனாலும் யாராலும் தாங்க முடியாது. கால் தரையில் படுவதால் என்ன பிரயோசனம்? காலுக்கு அடியில் இருப்பது மண்ணா, சரளையா, தாரா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

அம்மா முதலில் வழுக்கி விழுந்தது, வண்டி அதன் இடது கால் மேல் சாய்ந்தது.

இதில் ஒரு விஷயத்தை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் ஊரில் ஓடும் சாதாரண வண்டிகளுக்குப் பெரும்பாலும் சைலன்சர் வலது பக்கம். அதனால் சேலை கட்டிய நம் வீட்டுப் பெண்கள் இடது பக்கம் கால் போட்டுப் பத்திரமாக உட்கார்ந்து வருகிறார்கள். இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் இரண்டு பக்கமும் சைலன்சர். காரைக்குடியிலிருந்து ஓடி வந்து, பூஜைக்காகக் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்த வண்டி. அந்தச் சூட்டுக் குழாய் அம்மாவின் கெண்டைக்காலில் கிடந்தது.

நான் ஹாண்டிலைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் எழும்பி மறுபடி இறங்கியது. எத்தனை நொடி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வேன் டிரைவர் ஓடி வந்து, "ஹாண்டிலை விடு தம்பி, சீட்டுக்குக் கீழ பிடி" என்று சத்தம் போட்ட பிறகுதான் நாலு பேராகத் தூக்கினோம். அம்மா எழுந்து உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு ஒண்ணுமில்லய்யா, வண்டியப் பாரு."

கண்டாங்கிச் சேலை, கனத்த பருத்தி. நைலான் மாதிரி இருந்திருந்தால் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்படியும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து கொப்புளம். ஆற இரண்டு மாதம் ஆனது. தழும்பு இப்போதும் இருக்கிறது.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். விழுந்த இடத்தில் கூடியவர்களில் ஒருவர் டூத்பேஸ்ட் வாங்கி வந்தார். ஒரு அம்மா மஞ்சளை அப்பச் சொன்னார். இன்னொருவர் நெய். மாமா பேஸ்ட்டைத் தடவியேவிட்டார். எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இரண்டடி தள்ளிக் குழாய் இருந்தது. அதைத் திறந்து இருபது நிமிடம் காலை நீட்டி வைக்கச் சொல்ல அங்கே ஒரு ஆளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாதாரணத் தண்ணீர் போதும், ஐஸ் கூடாது. கால் வீங்குவதற்கு முன் கொலுசைக் கழற்ற வேண்டும். அம்மாவின் கொலுசை மாலையில் வெட்டித்தான் எடுத்தோம். நர்ஸ் அந்தக் காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்தபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததே, அதை நான் மறக்க மாட்டேன். கேஸ் அடுப்பு இல்லாத வீடு இல்லை, பைக் இல்லாத தெரு இல்லை, இருந்தும் தீக்காயத்துக்குத் தண்ணீர் என்ற ஒரு விஷயம் ஏன் இன்னும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை?

அப்புறம் சொந்தக்காரர்கள். "வண்டி ராசியில்லை, வித்துடு" என்றார்கள். எடுத்த கிழமை சரியில்லை என்றார்கள். ராசி, கிழமை மேல் பழியைப் போட்டால் எனக்கு வசதிதான், ஆனால் தப்பு என்னுடையது. இத்தனை கிலோ வண்டியைத் திருப்ப எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியாது.

சரி, இதைப் படித்ததும் சிலர் சொல்லப் போவது எனக்குத் தெரியும். ஏபிஎஸ் இருந்ததே என்பார்கள். இருந்தது, 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு அது கட்டாயம். ஆனால் அது ஓடுகிற வண்டியின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. நடை வேகத்தில் சரிகிற வண்டியை அது தாங்கிப் பிடிக்காது. வெளிநாட்டில் புதுசாக ஓட்டுகிறவர்களே 650 ஓட்டுகிறார்கள் என்பார்கள். பிரிட்டனில் 19 வயதில் கிடைக்கும் ஏ2 உரிமத்துக்கு 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன் வரை அனுமதி, சில 650 வண்டிகள் அதற்குள் அடங்கும், உண்மைதான். ஆனால் அங்கே அந்த உரிமத்துக்கே குறைந்தது 395 சிசி உள்ள வண்டியில், மெதுவாகத் திருப்பிக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். நம் சட்டத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று ஒரே பிரிவுதான். 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டினால், மறுநாள் 2,458 சிசி ட்ரையம்ஃப் ராக்கெட் 3 ஓட்டவும் அதே உரிமம் செல்லும். உரிமம் இருக்கிறது என்பதை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. உங்களுக்கோ கியரும் கிளட்சும்கூட இனிமேல்தான். கிளட்சைப் பழகும்போது வண்டி பத்துத் தடவை குலுங்கி நிற்கும். நூற்றைம்பது கிலோ வண்டி அப்படி நின்றால் காலை ஊன்றிச் சிரித்துக்கொள்ளலாம். 240 கிலோ, ஹாண்டில் திரும்பிய நிலையில் நின்றால் விழும்.

ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை. அப்புறம் போக்குவரத்துப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெருக்காரர் ஒருவர் கூப்பிட்டு, ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் கற்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நாலு மாதம், ஞாயிறு காலைகளில். அவர் சொன்னது: மெதுவாகத் திருப்பும்போது முன் பிரேக்கிலிருந்து விரலையே எடுத்துவிடு. அரைக் கிளட்ச், லேசாக ஆக்சிலேட்டர், பின் பிரேக்கில் காலை அழுத்தியபடி இரு, வண்டி கயிறு கட்டியது போல நிற்கும். போக வேண்டிய இடத்தைப் பார், கல்லைப் பார்க்காதே. விழுந்த வண்டியைத் தூக்கவும் காட்டினார். எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிட்டு, சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, கையால் இழுக்காமல் காலால் தள்ளி, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். அறுபது தாண்டிய மனிதர் தனியாகத் தூக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையார்பட்டியில் இது தெரிந்திருந்தால் என்று.

இன்னொன்று, உங்கள் வீடு எப்படி? எங்கள் பக்கம் பழைய வீடுகள் தளம் உயர்த்திக் கட்டியவை, தெருவிலிருந்து ஏழெட்டுப் படி. ஸ்பிளெண்டரைப் பலகை போட்டு முகப்புக்கு ஏற்றிவிடுவேன். இதை ஏற்ற முடியாது, தெருவில்தான் நிற்கிறது. சரிவான இடத்தில் முன்பக்கம் கீழே பார்க்க நிறுத்தினால் தனியாகப் பின்னால் இழுக்கவும் முடியாது. கால் முன்னால் நீட்டியிருப்பதால் வேகத்தடையில் எழுந்து நிற்க வராது, அத்தனை அடியும் முதுகுத்தண்டுக்குத்தான். கண்மாய்க் கரைச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவர் என்றால் இதையும் யோசியுங்கள்.

க்ரூஸர்தான் வேண்டும் என்றால் பழைய அவெஞ்சர் 220 ஒன்றைப் பாருங்கள், 160 கிலோ சொச்சம், சீட்டும் தாழ்வு. புதுசு என்றால் மீட்டியர் 350, 191 கிலோ, 20 குதிரைத்திறன். ஒரு மழைக்காலம் முழுக்க அதில் ஓட்டுங்கள். மழைக்காலம் என்று குறிப்பாகச் சொல்கிறேன், ஈரச் செம்மண்ணில் கால் ஊன்றிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு 650 எடுங்கள், நானே வந்து பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறேன்.

அம்மாவை இப்போதும் ஸ்பிளெண்டரில்தான் கூட்டிப் போகிறேன். உங்கள் வண்டியில் பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருகிறவர் வீட்டில் இருந்தால், ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன் வண்டியின் இடது பக்கம் குனிந்து பாருங்கள்.