ஓப்பன் பேப்பரில் வாங்கிய மோட்டார் சைக்கிள் யாருடையது?

கேள்வி: சொந்த இடம் விசுவமடு. இப்போது கனடாக் குடியுரிமையோடு ஒன்ராறியோவில் இருக்கிறேன். இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. ஊருக்கு வந்தால் ஓடுவதற்காகப் போன வருடம் வவுனியாவில் ஒருவரிடம் பல்சர் ஒன்று வாங்கினேன். பெயர் மாற்றவில்லை, விற்றவர் கையெழுத்து மட்டும் வைத்துத் தந்த பெயர்மாற்றப் படிவம், அதாவது ஓப்பன் பேப்பர்தான். நான் இல்லாத நேரம் அக்காவின் மகன் ஓடுகிறான். அவனிடம் லைசன் உண்டு. போன மாதம் பரந்தன் பக்கம் சைக்கிளில் வந்த வயோதிபர் ஒருவரோடு மோதி, அவருக்குக் கால் முறிந்துவிட்டது. வாகனம் பொலிஸில் நிற்கிறது. பழைய சொந்தக்காரர் கோபமாக ஃபோன் எடுக்கிறார். வாகனம் என்னுடையதா? ஆடி மாதம் வரும்போது என்னுடைய ஒன்ராறியோ 'ஜி' லைசனோடு ஓடலாமா? பழைய அடையாள அட்டை இன்னும் கையில் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த வயோதிபரைப் போய்ப் பார்க்க அக்காவிடம் சொல்லுங்கள். வைத்தியச் செலவுக்கு ஏதும் கொடுத்தால் திகதியோடு எழுதி வையுங்கள். கால் முறிந்தவர் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போக அவருக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. அதற்காக அவரைக் கண்டு ஒளிக்க வேண்டாம், அவரும் எங்கள் சனம்.

இனி ஓப்பன் பேப்பர். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். விற்றவரின் கையெழுத்து நீல மையில் இருக்கிறது. வாங்குபவர் பெயர் வெறுமை, திகதி வெறுமை. வன்னியில் பல மோட்டார் சைக்கிள்கள் இப்படித்தான் கைமாறுகின்றன. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நீங்களும் செய்யவில்லை, விற்றவரும் செய்யவில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் இன்னும் அவருடைய பெயர் இருப்பதால் பொலிஸ் அவரிடம்தான் போயிருக்கும். அவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அப்படியென்றால் வாகனம் உங்களுடையது இல்லையா? உங்களுடையதுதான். காணி வாங்கத்தான் நொத்தாரிசு உறுதி கட்டாயம். மோட்டார் சைக்கிளுக்குக் காசு கொடுத்ததும் கையளித்ததும் போதும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வங்கியால் காசு அனுப்பிய துண்டு, விற்றவரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 2009 இல் போர் முடியும் நேரம் வட்டுவாகல் பக்கம் மோட்டார் சைக்கிளை வீதியோரம் விட்டுவிட்டு நடந்த சனம், பிறகு புத்தகம் இல்லாமல் தங்கள் பொருளைத் தங்களுடையது என்று சொல்லப் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். காகிதம் விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது அதனால்தான்.

பொலிஸில் நிற்கும் வாகனத்தை நீதவான் பெரும்பாலும் புத்தகத்தில் பெயருள்ளவரிடமே பிணைமுறியில் விடுவார். ஆகவே வவுனியாக்காரர் வராமல் காரியம் நடக்காது. அவரோடு சண்டை வேண்டாம். அக்கா நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, போக்குவரத்துச் செலவையும் கொடுத்து, அவரை நீதிமன்றத்துக்குக் கூட்டி வரட்டும்.

காப்புறுதியை உடனே பாருங்கள். அதுவும் அவருடைய பெயரிலேயே இருந்தால், கம்பனி 'விற்றுவிட்ட வாகனம்' என்று கேள்வி எழுப்பும். அப்படி இருந்தாலும் விபத்தை எழுத்தில் அறிவிக்காமல் விடாதீர்கள். மருமகனிடம் லைசன் இருந்தது உங்கள் நல்ல காலம். லைசன் இல்லாதவரை ஓடவிட்டால், ஓடியவருக்கு மட்டுமல்ல, ஓடவிட்டவருக்கும் வழக்கு வரும்.

வாகனம் வெளியே வந்ததும் பெயர் மாற்றுங்கள். உங்கள் பெயருக்கு வேண்டாம். கனடாக் குடியுரிமையை நீங்களாக விரும்பி எடுத்தபோதே இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. தேசிய அடையாள அட்டை இலங்கைக் குடிமக்களுக்கு உரியது. பழைய அட்டையைக் காட்டிப் பதிவு செய்தால் அது பொய்த் தகவல் கொடுத்ததாகும். தயவுசெய்து அதை வெளியே எடுக்க வேண்டாம். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகு உங்கள் பெயருக்கு மாற்றலாம். அதுவரை அக்காவின் பெயரில் இருக்கட்டும். மருமகனின் பெயரில் வைப்பதை நான் விரும்பவில்லை. நாளைக்கு அவன் கலியாணம் கட்டுவான், வெளிநாடும் போவான். அக்காவோடும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: காசு தம்பியுடையது, கேட்கும்போது பெயர் மாற்றித் தருவேன் என்று, இரண்டு சாட்சிகளோடு. உடன்பிறப்புக்கிடையில் இது என்ன என்று அக்கா மனம் நோகக்கூடும். அக்காவுக்கு ஏதும் நடந்தால் அவருடைய வாரிசுகளோடு நீங்கள் வழக்காடாமல் இருக்கத்தான் இந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

ஆடி மாதம் ஓடுவது பற்றி. 'ஜி' கார் ஓடும் லைசன். ஒன்ராறியோவிலேயே அதை வைத்து மோட்டார் சைக்கிள் ஓட முடியாது, 'எம்' வகுப்பு வேண்டும். அங்கே ஓட முடியாததை இங்கே ஓட அந்தக் காகிதம் அனுமதி தராது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஏ' மோட்டார் சைக்கிள், 'பி' கார். 'ஜி' மட்டும் உள்ளவருக்கு 'பி'க்கு நேரேதான் முத்திரை விழும். 'ஏ' வெறுமையாக இருந்தால், பொலிஸ் கண்ணுக்கு நீங்கள் லைசன் இல்லாதவர். இதற்கு வீதியில் எழுதித் தரும் தண்டச் சீட்டு இல்லை, நீதவான் நீதிமன்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டப்பணம் 25,000 ரூபாவுக்குக் குறையாது. அதைவிடப் பெரிய விஷயம் காப்புறுதி. தகுந்த லைசன் இல்லாதவர் ஓடி உங்கள் வாகனம் சேதமானால் கம்பனி தராது. இரவில் பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 வீதியில் மாடுகள் படுத்திருப்பது உங்களுக்குப் புதிதில்லை.

'எம்' எடுத்து, சர்வதேசப் பத்திரத்தில் 'ஏ' முத்திரையோடு வாருங்கள். அது ஒரு வருடம் செல்லும். அதை இங்கே உறுதிப்படுத்த வேண்டுமா, எங்கே என்று முதலே விசாரித்து, அதையும் முடித்துக்கொண்டு வன்னிக்கு ஏறுங்கள். ஆடிக்குள் முடியாவிட்டால் இந்த முறை சாவியைக் கையில் எடுக்க வேண்டாம். ஏறிப் போவதென்றாலும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம், இரண்டாவது ஒன்றை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.